மேல்விலங்கு

செத்துப் போனவரின் செல்போன் அடித்தது!

காலை ஒன்பது நாற்பது.

சாப்பாட்டு மேஜை மேல், சார்ஜர் வயரோடு, கண்ணாடி முழுக்க விரிசலோடு கிடந்த அந்த போன் நடுங்கி நடுங்கி மேஜையின் விளிம்பை நோக்கி நகர்ந்தது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அழுகை வருமா?

வரவில்லை. பதினோரு நாளாகவே வரவில்லை. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது அவள் வேலை. கணவரின் மரண அறிவிப்பு அச்சுக்குப் போகும் முன் அவளிடம்தான் வந்தது. ஒரு ஒற்று விட்டுப் போயிருந்தது. போட்டுக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

விழப்போன போனைக் கடைசி நொடியில் பிடித்தாள்.

"ஹலோ... ரெண்டாவது அபிப்ராயம் சாருங்களா?"

பெண் குரல். பின்னால் அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக் கிழிக்கும் சத்தம்.

"சார்... இல்லை."

"வெளியில போயிருக்காரா?"

யோசித்தாள். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்பதும் சரியான பதில்தான்.

"ஆமா. நான் அவர் மனைவி. சொல்லுங்க."

"துணிக் கிடங்குல சூப்பர்வைசர்மா நான். சார் போன மாசம் எங்க லிஃப்ட்டைப் பார்க்க வந்தப்ப இந்த நம்பரைக் குடுத்தார். 'நான் சொல்ற வரைக்கும் ஒரு பொண்ணைக்கூட ஏத்தாதீங்க'ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னார். இப்ப ரிப்போர்ட் வந்துடுச்சு. ரெண்டு மணி ஷிப்டுல இருந்து லிஃப்ட்டை ஓட விடறாங்க. அதான்... அவர் வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டா எனக்கு நிம்மதி."

"ரிப்போர்ட் எப்ப வந்துச்சு?"

"நேத்து சாயங்காலம். சாரோட மெயில்ல இருந்துதான்."

நேற்று சாயங்காலம்!

அவர் போய் பதினோரு நாள் ஆகிறது!

சுற்றுச்சாலையில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தவரை ஏதோ ஒரு வேன் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. எந்த வேன்? தெரியாது. யார் ஓட்டியது? தெரியாது. செய்தித்தாளில் நாலு வரி. அந்த நாலு வரியில் இருந்த பெயருக்கும் 'ரெண்டாவது அபிப்ராயம் சார்' என்பவருக்கும் சம்பந்தம் உண்டென்று ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

"ரிப்போர்ட்ல என்ன போட்டிருக்கு?"

"கடைசி வரி பெருசா போட்டிருக்கும்மா. 'லிஃப்ட் பாதுகாப்பானது.'"



"அதை அப்படியே போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. அதுவரைக்கும் யாரையும் ஏத்தாதீங்க."

"நான் சொன்னா யாரும்மா கேப்பாங்க? எழுத்துல இருக்கே! நாப்பது பொண்ணுங்க அஞ்சு மாடி ஏறி எறங்கி முட்டி தேஞ்சு கெடக்கறாங்க. ரெண்டு மணிக்கு முதல் ஆளா ஏற வரிசையில நிப்பாங்க."

ரெண்டு மணி.

இன்னும் நாலே கால் மணி நேரம்!

*

பகலில் அவர் ஒரு லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியர். சனி, ஞாயிறுகளில் 'இரண்டாவது அபிப்ராயம்'.

டாக்டர் சொன்னதை நம்பாமல் இன்னொரு டாக்டரிடம் போவதில்லையா? அந்த மாதிரி. 'எங்க லிஃப்ட் குலுங்குது, பராமரிப்பு ஆளுங்க நல்லா இருக்குன்னு சொல்றாங்க, நீங்க வந்து பாருங்க' என்பார்கள். போவார். பார்ப்பார். எழுதுவார்.

கம்பெனிக்குத் தெரிந்தால் சீட்டு கிழியும். அதனால் லெட்டர்பேடில் பெயர் கிடையாது. கையெழுத்துகூட ஒரு சுழிதான். போன் நம்பர் மட்டும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மேஜையின் அந்தப் பக்கம் அவர் தட்டச்சு செய்வார். இந்தப் பக்கம் அவள் சிவப்புப் பேனாவோடு காத்திருப்பாள். அவள் திருத்தாமல் ஒரு ரிப்போர்ட்டும் வெளியே போனதில்லை.

ஏனென்றால்... அவருக்குக் கயிறு எழுத வராது!

லிஃப்ட்டைத் தூக்குவதே கயிறுதான். பக்கத்துக்குப் பத்துத் தடவை அந்தச் சொல் வரும். பத்துத் தடவையும் 'கயறு' என்றுதான் எழுதுவார். ய-வின் தலையில் வளைந்து நிற்க வேண்டிய கோடு இருக்காது. அந்தக் கோட்டுக்கு மேல்விலங்கு என்று பெயர்.

"விலங்கு போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்பாள்.

"விலங்கு மாட்டறது உன் டிபார்ட்மென்ட். நான் லிஃப்ட் டிபார்ட்மென்ட்" என்பார்.

எழுத வராத சொல் அது ஒன்று. எழுதவே மாட்டேன் என்று சத்தியம் செய்த சொல் இன்னொன்று.

பாதுகாப்பானது.

"பாதுகாப்புன்னு எழுத நான் என்ன ஜோசியனா? பார்த்தேன், கோளாறு தெரியலைன்னு எழுதுவேன். அதுக்கு மேல லிஃப்ட்டாச்சு, கடவுளாச்சு."

போன் டிங்கென்றது. போட்டோ வந்துவிட்டது. போனிலிருந்தே பிரின்டரில் ஒரு தாள் எடுத்தாள்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். சிவப்புப் பேனாவை எடுத்தாள். பழக்கம்!

அவருடைய லெட்டர்பேட். அவருடைய சுழி. அவருடைய வாக்கியங்கள்... 'எடைத்தட்டு', 'கதவுப் பூட்டு', 'கயறு'...

கயறு!

எண்ணினாள். ஒன்று... இரண்டு... ஒன்பது. ஒன்பது இடத்திலும் கயறு.

பத்தாவது இடம் கடைசிப் பத்தியில் இருந்தது.

'ஆறு கயிறுகளும் நன்றாக உள்ளன. லிஃப்ட் பாதுகாப்பானது.'

பேனா நின்றது.

கயிறு! விலங்கோடு! அச்சுப் பிசகாமல்!

முப்பது வருடம் பிழையைப் பிழையென்று அடித்தவள் அவள். இன்றுதான் முதல் தடவையாகச் சரியாக இருந்த ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டாள்.

இந்த ரிப்போர்ட்டில் சரியாக எழுதப்பட்டதுதான் தப்பு!

*

"அண்ணி... எதுக்கு இவ்ளோ அவசரமா வரச் சொன்னீங்க?"

ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தான் ஸ்பேனர். அவருடைய கம்பெனியிலேயே பராமரிப்புப் பிரிவில் வேலை. பையில் எந்நேரமும் ஒரு ஸ்பேனர் கிடக்கும். அதனால் அந்தப் பெயர். இந்தச் சனி, ஞாயிறு வேலையைப் பற்றித் தெரிந்த இன்னொரு ஆள் இவன்தான். எடைக் கணக்கெல்லாம் சரிபார்த்துக் கொடுப்பான்.

"உட்காருங்க."

"பரவாயில்லை, நிக்கறேன்."

"துணிக் கிடங்கு லிஃப்ட் பத்தி உங்க அண்ணன் ஏதாவது சொன்னாரா?"

ஹெல்மெட்டுக்குள் கண்கள் ஒரு தரம் வலப்பக்கம் போய் வந்தன.

"துணிக் கிடங்கா? எந்தத் துணிக் கிடங்கு? எனக்கு ஒண்ணும் தெரியாதே!"

"கணக்கு நீங்கதானே பார்ப்பீங்க?"

"எல்லாத்துக்கும் நான் பார்க்கறதில்லை அண்ணி."

"ஆபீஸ்ல அவர் டிராயர்ல இருந்ததை எல்லாம் நீங்க எடுத்துட்டுப் போனதா சொன்னாங்க."

"அது... பேனா, டப்பா, அந்த மாதிரி. கொண்டு வந்து தரணும்னு இருந்தேன்."

"அவரோட மெயில் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா?"

ஸ்பேனர் சிரிக்கப் பார்த்தான். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அது யாருக்குத்தான் தெரியாது? ஊருக்கெல்லாம் பூட்டு சரியில்லை, கதவு சரியில்லைன்னு எழுதற மனுஷன், பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டுல எழுதி லாப்டாப் அடியில ஒட்டி வச்சிருப்பார்! லாப்டாப் யார் கையில இருக்கோ, மெயிலும் அவங்க கையிலதான்."

லாப்டாப்!

விபத்து நடந்த இடத்தில் ஸ்கூட்டர் இருந்தது. போன் இருந்தது. ஒரு செருப்பு இருந்தது. லாப்டாப் பை மட்டும் இல்லை. 'எவனாவது பொறுக்கிட்டுப் போயிருப்பான்' என்றார்கள் போலீஸ்காரர்கள்.

பொறுக்கியவன் ரிப்போர்ட் எழுத மாட்டான்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த சைடு வேலையை இத்தோட விட்டுடுங்க. கிளறாதீங்க. யாருக்கும் நல்லதில்லை."

"யாருக்கு நல்லதில்லை?"

அவன் ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்துச் சரி செய்தான்.

அவள் எழுந்து உள்ளே போனாள்.

படுக்கை அறையில் அவளுடைய பழைய கம்ப்யூட்டர். பதினோரு நாளாகத் திறக்கவில்லை. திறந்தால் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் திறக்கவில்லை.

திறந்தாள்.

இருந்தது.

அவரிடமிருந்து ஒரு மெயில். படிக்கப்படாதது. பதினோரு நாளுக்கு முன்பு, மாலை நாலு பத்து. அன்று அச்சகத்தில் ஒரு புத்தகத்தை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தலையைத் தூக்க நேரமில்லை. ஏழு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து போன் வந்தபோதுதான் தூக்கினாள்.

'அவசரம். ஏழு மணிக்குள்ள திருத்திக் குடு. நேரா கிடங்கு முதலாளிக்கு அனுப்பணும். விலங்கெல்லாம் நீயே மாட்டிடு.'

அவள் அதை மூன்று முறை படித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நெஞ்சுக்குள் யாரோ வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

இணைப்பைத் திறந்தாள். அதே ரிப்போர்ட். அதே ஒன்பது கயறு. கடைசிப் பத்தி மட்டும் வேறு!

'ஆறு கயறுகளில் இரண்டில் இழைகள் அறுந்து முள் முள்ளாக நிற்கின்றன. பிரேக் பாதிதான் பிடிக்கிறது. ஆள் ஏற்றவே கூடாது. போன வருடம் கயறு மாற்றியதாகப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. மாற்றவில்லை.'

மாற்றாததை மாற்றியதாகக் கையெழுத்துப் போட்டது யார்? அவர் எழுதவில்லை.

பராமரிப்பு...

அவள் திரும்பிப் பார்த்தாள்.

அறை வாசலில் ஸ்பேனர் நின்றுகொண்டிருந்தான்!

"என்ன அண்ணி பார்க்கறீங்க?"

சட்டென்று திரையை அணைத்தாள்.

"ஒண்ணுமில்லை. ஒரு மணிக்கு நான் அந்தக் கிடங்குக்குப் போறேன். நீங்களும் வரணும்."

"நானா?!"

"வருவீங்களா, மாட்டீங்களா?"

ஸ்பேனர் எச்சில் விழுங்கிய சத்தம் ஹெல்மெட்டைத் தாண்டிக் கேட்டது.

"...வர்றேன்."

*

இன்ஸ்பெக்டருக்கு ஜலதோஷம்.

"எழுத்துப் பிழையா?" கைக்குட்டைக்குள் இருந்து கேட்டார். "எழுத்துப் பிழைக்கு ஆளைப் பிடிக்கறதா இருந்தா முதல்ல எங்க ரைட்டரைத்தாம்மா உள்ள போடணும்!"

மூலையில் எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

"பிழைக்கு இல்லை சார். பிழை இல்லாததுக்கு."

இரண்டு ரிப்போர்ட் தாள்களையும் மேஜை மேல் வைத்தாள். சிவப்பு வட்டத்தைக் காட்டினாள். மேல்விலங்கு என்றால் என்ன என்று சொன்னாள். இன்ஸ்பெக்டர் ஒன்பது கயறையும் விரல் வைத்து எண்ணினார்.

"சரி. யாரோ கடைசிப் பத்தியை மட்டும் மாத்தி அடிச்சிருக்கான். அதுக்கும் ஆக்சிடென்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"இந்த ரிப்போர்ட் உலகத்துல ரெண்டே இடத்துலதான் இருந்தது சார். ஒண்ணு என் மெயில்ல. அதை நான் இன்னைக்குத்தான் திறந்தேன். இன்னொண்ணு..."

"இன்னொண்ணு?"

"அவரோட லாப்டாப்ல."

இன்ஸ்பெக்டருக்கு வரவிருந்த தும்மல் வராமல் நின்றது.

"ரைட்டர்! அந்தச் சுற்றுச்சாலை ஃபைலை எடு!"

எடுத்தார்கள். புரட்டினார்கள். 'லாப்டாப் பை. கிடைக்கவில்லை.'

"அப்போ அந்த லாப்டாப் வச்சிருக்கறவன்..."

"அன்னைக்கு ரோட்டுல இருந்திருக்கான்."

"யார் மேலயாவது சந்தேகம்?"

அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தாள். ஸ்பேனர் பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். ஹெல்மெட்டை இப்போதும் கழற்றவில்லை.

இன்ஸ்பெக்டரும் பார்த்தார்.

"ரெண்டு தட்டு தட்டினா சொல்லிடுவான். தட்டவா?"

"வேணாம் சார். அந்த லிஃப்ட் பாதுகாப்பானதுன்னு எழுதினவனுக்கு அது எப்படிப்பட்ட லிஃப்ட்டுன்னு நல்லாத் தெரியும்."

"அதனால?"

"எல்லாரையும் அதுல ஏறச் சொல்லுவோம். எவன் ஏற மாட்டேங்கறானோ, அவன்தான்."

இன்ஸ்பெக்டர் அவளையே பார்த்தார். இப்போது தும்மல் வந்தது. பெரிதாக!

"நீங்க மெய்ப்புத் திருத்தறவங்கன்னுதானே சொன்னீங்க? எனக்கென்னவோ டிபார்ட்மென்ட் மாறி வந்துட்டீங்கன்னு தோணுது."

*

ஒன்று ஐம்பது.

துணிக் கிடங்கின் தரைத்தளம். கூரை வரை அட்டைப் பெட்டிகள். புதுத் துணியின் கஞ்சி வாசனை. சாமான் ஏற்றும் பெரிய லிஃப்ட்டின் கம்பிக் கதவுக்கு முன்னால் நாற்பது பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

"அஞ்சு மாடி! ஒரே நிமிஷம்! கண்ணை மூடித் தொறந்தா மேல!"

"கண்ணை மூடறது சரி. தொறக்கணுமே!"

"வாயைக் கழுவுடி!"

சிரிப்பு.

வாசலில் காத்திருந்த சூப்பர்வைசரம்மா ஓடி வந்தாள். ஐம்பது வயது. கழுத்தில் அளவு நாடா. அவள் காதில் இவள் ஏதோ சொன்னாள். பையிலிருந்து எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். சூப்பர்வைசரம்மா முகம் மாறாமல் படிக்கட்டுப் பக்கம் போனாள்.

"வாங்க வாங்க! ரெண்டாவது அபிப்ராயம் சார் வீட்லயிருந்தா?"

மேனேஜர்!

சட்டையெல்லாம் தூசி. தோளில் மூட்டை தூக்கிய தடம். லிஃப்ட் நின்ற நாளிலிருந்து அவரும் பெண்களோடு சேர்ந்து பெட்டி சுமக்கிறார் என்று காலையில் சூப்பர்வைசரம்மா போனில் சொல்லியிருந்தாள். தங்கமான மனுஷன் என்று.

"சார் வரலையாம்மா?"

"இல்லை. போய்ட்டார். பதினோரு நாளாச்சு."

மேனேஜர் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ... எப்படிம்மா? நல்லா இருந்தாரே! அவ்ளோ பொறுமையா எங்க லிஃப்ட்டைப் பார்த்தாரே!"

கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்குப் பொறாமையாக இருந்தது. யாரோ ஒருவருக்கு வருகிறது. தனக்கு வரவில்லையே!

"அவரோட ரிப்போர்ட்னு ஒரு மரியாதைக்கு, முதல் தடவை நானே ஏறிப் பார்க்கலாம்னு வந்தேன்" என்றாள். "இவர் அவரோட ஃப்ரெண்டு. இவர்..."

"அவங்க சித்தப்பா" என்றார் இன்ஸ்பெக்டர், மப்டியில், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"எல்லாரும் சேர்ந்து ஏறலாமே" என்றாள். ஸ்பேனரைப் பார்த்தாள். "நீங்க முதல்ல ஏறுங்க."

இன்ஸ்பெக்டரின் கை மெல்ல இடுப்புப் பக்கம் போனது.

ஸ்பேனர் ஹெல்மெட்டைக் கழற்றினான். தாளை வாங்கிச் சுழிக் கையெழுத்தைப் பார்த்தான். கண்கள் சிவந்திருந்தன. அவன் ஹெல்மெட்டைக் கழற்றாததற்குக் காரணம் அதுதானோ என்னவோ.

"அண்ணன் கையெழுத்தா?"

"ஆமா."

"அண்ணன் நல்லாயிருக்குன்னு எழுதினா நான் கண்ணை மூடிட்டு ஏறுவேன் அண்ணி!"

ஏறினான்!

நடு லிஃப்ட்டில் போய் நின்றுகொண்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவன் போல இரண்டு தடவை குதித்தும் காட்டினான்!

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

அவள் ஏறினாள். இன்ஸ்பெக்டர் சிலுவை சுமப்பவர் மாதிரி ஏறினார்.

"நீங்களும் வாங்க சார்."

"இல்லம்மா... எனக்கு ஆபீஸ் வேலை... நான் படியில வந்துடறேன்" என்றார் மேனேஜர்.

"அஞ்சு மாடியா? இத்தனை நாள் மூட்டை தூக்கினது போதாதா?" என்றது வரிசையில் ஒரு குரல். "ஏறுங்க சார்! உங்களுக்குத்தான் முதல் சவாரி!"

"ஏறுங்க சார்!" "ஏறுங்க சார்!"

நாற்பது பெண்கள் தள்ளாமலே தள்ளினார்கள். மேனேஜர் உள்ளே இருந்தார்.

ஸ்பேனர் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினான். டமார்!

அவள் விரல் ஐந்தாம் எண் பொத்தானை நோக்கிப் போனது.

"அமுக்காதீங்க!"

கிடங்கே திரும்பிப் பார்த்தது.

"அமுக்காதீங்கம்மா! கதவைத் தொறங்க! ரெண்டு கயிறு முள்ளு முள்ளா நிக்குது! பிரேக் புடிக்காது! நாலு பேரும் போய்ச் சேர்ந்துடுவோம்! தொறங்க!"

மேனேஜர் கம்பிகளைப் பிடித்து உலுக்கினார்.

அவள் கையிலிருந்த தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"உங்களுக்கு வந்த ரிப்போர்ட்ல ஆறு கயிறும் நன்றாக உள்ளனன்னுதானே இருக்கு? ரெண்டு கயிறு முள்ளு முள்ளா நிக்குதுன்னு எதுல படிச்சீங்க?"



"என் மெயிலைத் தவிர அந்த வாக்கியம் அவரோட லாப்டாப்ல மட்டும்தான் இருந்தது."

மேனேஜரின் வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

"ரெண்டு கயிறு போயிருக்கா?!" ஸ்பேனர் அலறினான். "அண்ணி! நான் குதிச்சேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் சாவதானமாகப் பொத்தானை அமுக்கினாள்.

மேனேஜர் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஸ்பேனர் இன்ஸ்பெக்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

லிஃப்ட் நகரவில்லை.

"அம்மா! சொன்ன மாதிரியே மெயின் ஸ்விட்ச்சை அணைச்சுப் பூட்டியாச்சு!" படிக்கட்டின் மேலிருந்து சூப்பர்வைசரம்மா கத்தினாள். கையில் ஒரு சாவி ஆடியது. "ஐயாவோட சிவப்புப் பூட்டுதான்!"

லிஃப்ட்டைத் தொடுமுன் அவர் எப்போதும் செய்கிற முதல் வேலை அதுதான். மின்சாரத்தை அணைத்து, தன் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொள்வது. மாற்றுச் சாவியும் பூட்டும் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

"கதவைத் திறங்கப்பா" என்றார் இன்ஸ்பெக்டர். "முதல்ல என்னை விடுங்க. என் ஜலதோஷம் உங்களுக்கு ஒட்டிக்கப் போகுது."

மேனேஜர் லிஃப்ட்டின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கொல்லணும்னு நினைக்கலைம்மா... கயிறு மாத்தினதா கையெழுத்துப் போட்டவன் நான். அன்னைக்கு சாயங்காலம் அவர் இங்க வந்து, முதலாளிகிட்ட நேரா சொல்லிடுவேன்னார். கெஞ்சினேன். ஸ்கூட்டர்ல கெளம்பிட்டார். வேனை எடுத்துட்டுப் பின்னாலயே போய், மறிச்சு, இன்னொரு தடவை கெஞ்சலாம்னுதான்... உரசிடுச்சு. எறங்கிப் பார்த்தேன். பையை மட்டும்..."

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணீங்களா?" என்றாள்.

மேனேஜர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

"லாப்டாப் எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆபீஸ் அலமாரியில."

ஸ்பேனர் வெளியே வந்தான்.

"அண்ணி... காலையில பொய் சொன்னேன். இந்த லிஃப்ட்டு எடைக் கணக்கெல்லாம் நான்தான் பார்த்துக் குடுத்தேன். கயிறு விஷயம் அண்ணன் எங்கிட்ட சொல்லலை. சைடு வேலை கம்பெனிக்குத் தெரிஞ்சா எனக்கும் வேலை போயிடும்னு பயம். அண்ணனோட டிராயரைக்கூட அதான் காலி பண்ணேன். என்னைச் சந்தேகப்பட்டீங்களா?"

"பட்டேன்."

"அதான் என்னை முதல்ல ஏத்தினீங்களா?!"

"ஆமா."

"நல்லவேளை அண்ணி, மாடியில இருந்து குதிக்கச் சொல்லலை!"

*

மாலை நாலு மணி. போலீஸ் ஸ்டேஷன்.

ரைட்டர் அவளுடைய வாக்குமூலத்தை எழுதி முடித்து நீட்டினார். இரண்டு பக்கம்.

"படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கம்மா."

பையிலிருந்து தானாகச் சிவப்புப் பேனா வந்தது. ஓர் ஒற்றைப் போட்டாள். ஒரு ல-வை ள ஆக்கினாள். ரைட்டர் நெளிந்தார்.

இரண்டாம் பக்கம். மூன்றாவது வரி.

'...மேற்படி லிஃப்ட்டின் கயறு...'

பேனா நின்றது.

பார்த்துக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மேஜை. அந்தப் பக்க நாற்காலி. எழுத்து லேசாகக் கலங்கியது. ஜலதோஷம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பேனாவை மூடினாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

இன்ஸ்பெக்டர் தாளை வாங்கிக் கண்ணை ஓட்டினார். புருவம் உயர்ந்தது.

"என்னம்மா, எல்லாத்தையும் திருத்திட்டு இதை விட்டுட்டீங்க? கயறுன்னு இருக்கே! ய மேல விலங்கு மாட்டணும்னு காலையில எனக்கே பாடம் எடுத்தீங்களே?"

அவள் எதிர் பெஞ்சைப் பார்த்தாள். மேனேஜர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மடியில் கோத்த இரண்டு மணிக்கட்டிலும் இரும்பு பளபளத்தது.

"இருந்த ஒரு விலங்கைத்தான் நீங்க அங்க மாட்டிட்டீங்களே சார்!"